போர்க்கப்பல்களின் பெயருரிமை: ஒரு திறனாய்வு

பிள்ளையின் பிள்ளையைப் பேரன் என்று வழங்குகிறோம். ‘பெயரன்’ என்பதே அச்சொல்லின் முழு வடிவம். பாட்டனது பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன் ஆயினான். பாட்டன் மறைந்த பின்னரும் அவன் பெயர் இல்லத்தில் ஒலித்தல் வேண்டும் என்னும் விழைவே இவ்வழக்கத்திற்கு மூலம். ஆயினும் பெயரைத் தாங்குதல் வேறு. பெயருக்கு உரியவன் ஆதல் வேறு. பாட்டன் தேடிய நிலத்தோடு அவன் பட்ட கடனும் பெயரனைச் சாரும் என்பது உலகியல். நிலத்தை ஏற்றுக் கடனை மறுப்பவனை ஊரார் நல்ல பெயரன் என்று சொல்லார்.

உயிரற்ற பொருள்களுள் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவன போர்க்கப்பல்கள். ஒரு போர்க்கப்பலின் வாழ்நாள் பெரும்பாலும் முப்பது நாற்பது ஆண்டுகளே. அதன்பின் அது பழைய இரும்பாகும். அன்றேல் அதற்கு முன்னரே கடலடியைச் சேரும். ஆனால் அதன் பெயர் அழிவதில்லை. புதிதாகக் கட்டப்பெறும் மற்றொரு கப்பலுக்கு அப்பெயர் சூட்டப்பெறுகிறது. பிரித்தானியக் கடற்படையிலோ பெயரோடு முன்னைய கப்பல் ஈட்டிய சமர்ச் சிறப்புக்களும் புதிய கப்பலுக்கு உரியனவாகின்றன. தான் பிறவாத காலத்துச் சமர்களின் பெயர்களையும் அது தன் பலகையில் தாங்கி நிற்கும். இவ்வழக்கம் எதனைக் காக்கிறது, எதனை மறைக்கிறது என்பதும், நம் தீவின் கடற்படைக் கப்பல்களின் பெயர்களை எவ்வாறு மதிப்பிடுதல் தகும் என்பதுமே இக்கட்டுரையில் ஆராயப்படுவன.

உடல் மாறப் பெயர் நிலைத்தல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. திருமூலர் வரலாற்றை அறியாதார் நம்மிடை இலர். மேய்ப்பனாகிய மூலன் இறந்து கிடக்க, அவன் பசுக்களின் துயர் தீர்ப்பான் வேண்டி யோகியார் ஒருவர் அவன் உடலுட் புகுந்தார். உடலும் பெயரும் மூலனுடையன. உயிர் மட்டும் பிறிது. கப்பல்களிடத்து இது தலைகீழாக நிகழ்கிறது. உடல் முற்றும் புதிது, மாலுமிகள் புதியர், பெயர் ஒன்றே பழையது. அவ்வாறாயின் அப்பெயர் உயிரா, வெறும் ஒலியா? பௌத்த நூலாகிய மிலிந்த பண்ஹவில் நாகசேனர் இத்தகைய வினாவையே எழுப்புகிறார். அச்சும் ஆழியும் நுகமும் தனித்தனியே தேர் ஆகா; தேர் என்பது அவற்றின் கூட்டத்திற்கு நாம் இட்ட வழக்குப் பெயரே என்பது அவர் கருத்து. கப்பலுக்கும் அது பொருந்தும். எனினும் வெறும் வழக்குப் பெயர் ஒன்றின் பொருட்டு மாந்தர் உயிர் விடுவதையும் நாம் காண்கிறோம். ஆதலின் ‘பெயர்தானே’ என்று இதனைத் தள்ளிவிடுதல் இயலாது.

முதற்சான்று நம் கிழக்குக் கடலிலேயே கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அத்தாக்குதலுக்கு அஞ்சி முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ், தன்மீது போர் விமானம் ஒன்றேனும் இல்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் துணைவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலாகிய வம்பயரும் உடன் மூழ்கியது. எஞ்சியோருட் பலரை வைத்தியக் கப்பலாகிய வீற்றா மீட்டது.

ஹேர்மிஸ் என்னும் பெயருக்கு அது முதல் இழப்பன்று. அப்பெயர் தாங்கிய முந்திய கப்பல் ஒன்று, கடல் விமானங்களைச் சோதித்தற்குப் பயன்பட்டு, 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31இல் டோவர் நீரிணையில் ஜெர்மனிய நீர்மூழ்கியால் அழிந்தது. கடலுள் ஆழ்ந்த பெயரை மீண்டும் சூட்டத் துணிந்தனர் பிரித்தானியர். 1944இல் ‘யானை’ எனப் பொருள்படும் ‘எலிபன்ற்’ என்ற பெயரில் கட்டத் தொடங்கிய விமானந்தாங்கிக்கு அப்பெயரை நீக்கி ஹேர்மிஸ் எனப் பெயரிட்டனர். 1959இல் பணி ஏற்ற அக்கப்பல் 1982ஆம் ஆண்டு ஃபோக்லண்ட் போரில் தலைமைக் கப்பலாக விளங்கியது. பின்னர் இந்தியா அதனை வாங்கி 1987இல் விராட் எனப் பெயர் மாற்றியது. 2017இல் ஓய்வு பெற்ற விராட் 2020இல் குஜராத்தின் ஆலங் கரைக்கு உடைபட வந்தது. வம்பயர் என்னும் பெயரும் அதே 1959இல் அவுஸ்திரேலியாவின் மற்றொரு நாசகாரிக்குச் சூட்டப்பெற்றது. அக்கப்பல் சிட்னி நகரிற் காட்சிக் கப்பலாகப் பேணப்படுகிறது.

இங்கே பெயர் சூட்டியவர்கள் எதனை நினைந்து சூட்டினர்? கிரேக்கத் தெய்வத்தை நினைந்தல்லர். மட்டக்களப்புக் கடலில் மாண்ட மாலுமிகளை நினைந்தே சூட்டினர் என்று கொள்ளுதல் தகும். முதற் கப்பலுக்குச் சூட்டியபோது அப்பெயர் ஓர் அணி. பின்னைய கப்பலுக்குச் சூட்டியபோது அது ஒரு கடன். வழிவழிப் பெயர்களை மதிப்பிடுதற்கு இவ்வேறுபாடே உரைகல்லாகும்.

இந்தியக் கடற்படையின் குக்ரி என்னும் பெயரை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் இரவு, டையூத் தீவுக்கு அப்பால், பாகிஸ்தானிய நீர்மூழ்கியாகிய ஹங்கோர் ஏவிய தோர்பீடோவால் குக்ரி மூழ்கியது. அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் மாண்டனர். கப்ரன் மகேந்திர நாத் முல்லா தப்பிச் செல்ல மறுத்துக் கப்பலோடு ஆழ்ந்தார். 1989இல் மற்றொரு கப்பல் குக்ரி என்னும் பெயரோடு பணி ஏற்று, 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் ஓய்வு பெற்றது. அதனை உடைத்து விற்றிலர். டையூவிற்கே கொண்டுசென்று காட்சிச்சாலை ஆக்கினர். பாட்டன் மூழ்கிய நீரின் கரையில் பெயரன் வந்து நிலைபெற்றான். பெயருரிமை தன் கடனை இதனினும் செவ்வனே தீர்த்த இடம் பிறிதொன்றைக் காட்டுதல் அரிது.

ஆயின் அக்கதைக்கு மறுபுறமும் உண்டு. பாகிஸ்தான் தன் புதிய நீர்மூழ்கி வரிசைக்கு ஹங்கோர் என்றே பெயர் வைத்துள்ளது. அவ்வரிசையின் முதற்கலம் 2024ஆம் ஆண்டு ஏப்ரிலில் சீனாவின் வூஹான் நகரிற் கடலேறு விழாக் கண்டது. ஒரே இரவின் ஒரே நிகழ்ச்சி ஒரு கரையில் இரங்கலாகவும் மறுகரையில் ஏற்றமாகவும் இரண்டு பெயர்களில் வாழ்கிறது. எனவே பெயர் வழங்கும் நினைவு எப்போதும் ஒருதலையானது என்பதை மறத்தலாகாது. தன் பெயரின் புகழை எண்ணுவோன் அப்புகழ் யாருடைய இழப்பில் விளைந்தது என்பதையும் எண்ணக் கடமைப்பட்டவன்.

விக்ராந்த் என்னும் பெயர் வேறொரு வகையைச் சார்ந்தது. 1961இற் பணி ஏற்று, 1971ஆம் ஆண்டுப் போரிற் பங்குகொண்ட முதல் விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. சில ஆண்டுகள் மும்பையிற் காட்சிச்சாலையாக இருந்து, பின் 2014இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பிற் சிறிது பஜாஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளிற் கலந்து 2016இல் வீதிக்கு வந்தது. பெயரோ கொச்சியிற் கட்டப்பெற்ற புதிய விமானந்தாங்கிக்குச் சென்று, 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2இல் மீண்டும் கடல் கண்டது. இருக்கு வேதத்தினின்றும் எடுத்த அதே வாசகம் இரண்டு கப்பல்களுக்கும் குறிக்கோளுரை. முதலாவது, ஹேர்குலிஸ் என்ற பெயரில் இங்கிலாந்திற் கட்டத் தொடங்கியது. இரண்டாவது, இந்தியரே கட்டியது. வாங்கிய உடலிற் குடியிருந்த பெயர் தன் மண்ணிற் பிறந்த உடலைப் பெற்றது. இதனைக் கடன் தீர்த்தல் என்னாது வளர்ச்சி என்றல் பொருந்தும்.

நம் தீவின் பெயர் ஒன்றும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்று 1817இற் கடலேறிய பிரித்தானியப் போர்க்கப்பலுக்குத் ‘திருகோணமலை’ என்று பெயர். 1782இல் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் அத்துறைமுகத்துக்கு அப்பாற் செய்த கடற்சமரின் நினைவாக அப்பெயர் வந்தது. 1897இல், நெல்சன் தளபதிக்குத் தலைமைக் கப்பலாய் இருந்த பூத்ரோயன் என்னும் கப்பல் பிளாக்பூல் கரையில் மோதி அழிந்தது. அதன் உரிமையாளர் முதுமையுற்ற ‘திருகோணமலை’யை வாங்கி, அழிந்த கப்பலின் பெயரை அதற்கு இட்டார். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அது பிறிதொரு கப்பலின் பெயரில் வாழ்ந்தது. 1990களிற் பழுதுபார்த்தபோது அதன் சொந்தப் பெயர் மீண்டது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது பேணப்படுகிறது. இறந்ததன் பெயரைக் காத்தற்கு இருப்பதன் பெயரை அழித்தல் முறையாகுமா என்ற வினாவை இக்கப்பல் எழுப்புகிறது. இரவல் வாங்கிய பெயர் எத்துணைப் புகழுடையதாயினும் சொந்தப் பெயருக்கு ஈடாகாது என்பதே அதற்கு விடை.

இனி நம் கடற்படையை நோக்குவாம். 1950ஆம் ஆண்டு டிசெம்பர் 9இல் இலங்கைக் கடற்படை சட்டப்படி தோன்றியது. அதன் தொடக்க காலக் கப்பல்களுக்கு விஜய, கஜபாகு, மகாசேன, பராக்கிரம என்று பெயரிட்டனர். யாவும் அரசர் பெயர்கள். யாவும் பிறர் பயன்படுத்திய கப்பல்கள். கஜபாகுவின் வரலாறு எடுத்துரைக்கத் தக்கது. கனடாவில் ஹலோவெல் என்ற பெயரில் 1944இற் பணி ஏற்ற கப்பல் அது. போரின் பின் குடிசார் கப்பலாகி, அதன்பின் இஸ்ரேலியக் கடற்படையில் மிஸ்நாக் எனப் பெயர் பெற்று, 1959இல் இங்கு வந்து கஜபாகு ஆயிற்று. மகாராணியாரின் இலங்கைக் கப்பல் என்னும் முன்னொட்டோடு வந்த அது, 1972இற் குடியரசு மலர்ந்தபோது ஸ்ரீ லங்கா கடற்படைக் கப்பல் ஆகி, 1978இல் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் கஜபாகு என்னும் பெயர் மீண்டும் கடலுக்கு வந்தது. இம்முறை அதனைத் தாங்கியது ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் ஷேர்மன் என்ற பெயரோடு 1968 முதல் உழைத்து, வியட்நாம் போரிலும் பங்குகொண்ட கப்பல். அதே ஆண்டிற் சீனா வழங்கிய தொங்லிங் என்னும் கப்பல் பராக்கிரமபாகு ஆயிற்று. 2022இல் மற்றோர் அமெரிக்கக் கப்பல் விஜயபாகு ஆயிற்று.

இப்பெயர்களை உரைகல்லில் இடுவோம். கஜபாகு என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது மன்னனே. 1959 முதல் பத்தொன்பது ஆண்டுகள் இத்தீவின் கரைகளைக் காத்த கப்பலன்று. புதிய கப்பல் பழைய கப்பலுக்குப் பெயரன் ஆகவில்லை. இரண்டும் ஒரே மன்னனுக்குத் தனித்தனியே எடுத்த இரண்டு சிலைகள் போல நிற்கின்றன. ஹலோவெல், மிஸ்நாக், ஷேர்மன் என்னும் பழைய பெயர்களின் கதைகளும் நம்மவருக்குச் சொல்லப்படுவதில்லை. இதனையே இம்முறையின் குறைபாடு என்று கருதுகிறேன். அரசர் பெயரைச் சூட்டுதல் குற்றமன்று. அப்பெயரைத் தாங்கி உழைத்தவர்களை அப்பெயரே மறைத்துவிடுமாறு சூட்டுதல் குறையாம்.

கஜபாகு என்னும் பெயருக்குள் மற்றொரு செல்வமும் உறைகிறது. சிலப்பதிகாரத்திற் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோட்டம் எடுத்தபோது உடனிருந்த இலங்கை வேந்தனாகக் கயவாகு காட்சியளிக்கிறான். சிங்கள நூலாகிய ராஜாவலியவோ அவன் சோழநாட்டினின்றும் சிறைமீட்டு வந்த கதையையும், பத்தினியின் சிலம்பைக் கொணர்ந்த கதையையும் கூறுகிறது. கண்டி எசல பெரஹராவிற் பத்தினித் தேவாலயத்தின் ஊர்வலம் வருதலைக் காண்போர் அந்நினைவின் தொடர்ச்சியையே காண்கின்றனர். தமிழன் நினைவில் வழிபட வந்த விருந்தினன். சிங்களவன் நினைவில் வென்று மீண்ட வீரன். ஒரே பெயர் இரு மொழிகளிலும் வாழ்கிறது. விஜயபாகுவின் பெயர் தமிழ் மாணவனுக்குச் சோழரை வெளியேற்றிய மன்னனையே நினைவூட்டலாம். ஆயின் அம்மன்னன் காலத்துத் தந்ததாது ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றமையை உரைக்கும் பொலன்னறுவைக் கல்வெட்டு, தமிழிற் பொறிக்கப்பட்டது. ஒரு கப்பலின் முகப்பில் இப்பெயர்களை எழுதும்போது எந்த நினைவை எழுதுகிறோம்? வென்றவனை மட்டுமா, வழிபட்டவனையும் காவல் நின்றவனையும் சேர்த்தா? கஜபாகு என்ற பெயரைத் தாங்கும் கப்பலின் வரலாற்றைச் சிறுவர்க்குச் சொல்லும்போது இரு நூல்களையும் சொல்லுதலே அப்பெயருக்குச் செய்யும் நீதி.

சயுர என்னும் கப்பலின் கதை இன்னும் நயமுடையது. இந்தியக் கடற்படையில் சரயு என்ற ஆற்றின் பெயரோடு இருந்த கப்பலை 2000ஆம் ஆண்டில் இலங்கை பெற்றது. எழுத்துக்கள் இடம்மாறிச் சயுர ஆயிற்று. சிங்களத்தில் அது கடல் என்று பொருள்படும். ஆறு கடலாயிற்று. இந்தியாவோ 2013இற் புதிய கப்பல் ஒன்றுக்குச் சரயு எனப் பெயரிட்டது. பழைய உடல் புதிய பெயரோடு இங்கே. பழைய பெயர் புதிய உடலோடு அங்கே. விஜயபாகுவும் இத்தகையதே. 1942இற் குவாடல்கனாலிற் பிறரைக் காத்து மாண்ட டக்ளஸ் மன்றோ என்னும் வீரரின் பெயரை அது முன்னர்த் தாங்கியது. அது சேவையில் இருந்தபோதே, 2017இல், அமெரிக்கர் புதிய கப்பல் ஒன்றுக்கு மன்றோ எனப் பெயரிட்டனர். கப்பலைக் கொடுத்தவர்கள் பெயரைக் கொடுத்திலர். பெயரே விலைமதிப்புடைய பொருள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தனர்.

கப்பலுக்குக் கூறியது ஊருக்கும் பொருந்தும். நாம் வாழும் தெல்தெனியவே அதற்குச் சான்று. மகாவலியின் குறுக்கே எழுந்து 1985இற் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணை, பழைய தெல்தெனிய நகரை நீருள் ஆழ்த்தியது. மேட்டு நிலத்தில் எழுந்த புதிய நகரம் அதே பெயரை ஏற்றது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய ஊரின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கும் கப்பலைப் போன்றது நம் ஊர். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்கள்மீது நிகழ்ந்த வன்செயல்களால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. பெயர் புகழை மட்டும் சுமப்பதன்று, பழியையும் சுமக்கும். பழியை நினைவிற் கொள்ள மறுக்கும் ஊர் தன் பெயருக்கு முழு உரிமை பாராட்ட இயலாது. கப்பலுக்கும் இதுவே விதி.

இதனை மறுப்போர் இவ்வாறு கூறலாம்: போர்க்கப்பலின் பெயர் மாலுமிகளுக்கு ஊக்கமளித்தற்கே உள்ளது; துயரத்தை நினைவூட்டின் ஊக்கம் குன்றும் என்று. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1942இல் லெக்சிங்ரன் என்னும் அமெரிக்க விமானந்தாங்கி பவளக் கடலில் மூழ்கியபோது, அப்போது கட்டப்பட்டுவந்த மற்றொரு கப்பலுக்கு அப்பெயரை இடுமாறு கட்டுந்தளத் தொழிலாளர்களே வேண்டிக்கொண்டனர். வேண்டியவாறே பெயர் மாற்றப்பட்டது. இழப்பே அங்கு ஊக்கமாயிற்று. மறுதலையாக, தன் நாட்டின் பெயர் தாங்கிய டொச்லண்ட் என்னும் கப்பல் மூழ்கின் அவமானமாகுமென்று அஞ்சி, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலே ஹிட்லர் அதன் பெயரை லுற்சோ என மாற்றுவித்தான். இழப்பை ஏற்க அஞ்சிய ஆட்சி பெயரைப் பறித்தது. இழப்பை ஏற்ற தொழிலாளர் பெயரை மீட்டனர். இவ்விரண்டனுள் வலிமை எது என்பது வெள்ளிடைமலை.

நம் தீவைச் சூழ்ந்த கடல் பல உயிர்களை விழுங்கியுள்ளது. 1994இல் மன்னாருக்கு அப்பால் சாகரவர்தனவும், 1995ஆம் ஆண்டு ஏப்ரில் 19இல் திருகோணமலைத் துறையில் சூரய, ரணசுரு ஆகியனவும் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் மூழ்கின. அவற்றில் மாண்ட மாலுமிகளுக்கும் தாயர் உண்டு. 1985ஆம் ஆண்டு மே 15இல் நெடுந்தீவுக் கடலிற் குமுதினிப் படகிற் பயணம் செய்தோர் பலர் கொல்லப்பட்டனர். குமுதினி போர்க்கப்பலன்று, ஆயினும் அப்பெயரைக் கேட்ட அளவில் நெடுந்தீவார் உள்ளம் நடுங்குதல் இயல்பு. இவ்விரு துயரங்களையும் ஒரே கடல் அறியும். இவற்றை ஒருங்கே நினைக்கும் நாள் வருமாயின், அன்று நம் கப்பல்களின் பெயர்கள் அரசர் வரிசையைக் கடந்து மக்கள் நினைவினின்றும் எழும்.

அந்நாள் வரும்வரை செய்யத் தக்கன உள. பழைய கஜபாகுவின் மாலுமிகள் எங்கெங்கு உழைத்தனர் என்பது புதிய கஜபாகுவில் எழுதப்படுதல் வேண்டும். பாடசாலைகளில் மன்னர் பெயர்களைக் கற்பிப்போர் அப்பெயர்களைப் பற்றித் தமிழும் சிங்களமும் கூறும் வரலாறுகளைச் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால் உறங்கும் ஹேர்மிஸும் வம்பயரும் தத்தம் நாட்டாரால் மறக்கப்படவில்லை; அந்நீரின் கரையில் வாழும் நாம் அவற்றின் பெயரையேனும் அறிந்திருத்தல் கடன். பாட்டன் பெயரைச் சொல்லி அழைக்கும்போது பெயரன் திரும்பிப் பார்க்கிறான். தான் யாருடைய பெயரைத் தாங்குகிறான், அவர் என்ன செய்தார், என்ன துன்புற்றார் என்பதை அறிந்தவனே அவ்வழைப்புக்கு மெய்யாக விடை கூறுபவன்.